காஜா பட்டன் வைக்காத பட்டம்!

மேஜர் பாடம் எல்லாவற்றிலும் பாஸ். ஆனாலும் டிகிரி கைக்கு வரவில்லை. ஏன்? பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் ஒவ்வொரு வீடும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது புதியம்புத்தூர். ஊருக்குள் நுழைந்ததும் காதில் விழுவது தையல் மெஷின் சத்தம்தான். சுற்றுவட்டாரத்தில் ‘குட்டித் திருப்பூர்’ என்று பெயர் வாங்கிய ஊர். நைட்டி, உள்பாவாடை, பெண் குழந்தைகளுக்கான ஃபிராக் என்று இங்கே தைக்கும் துணிகள் பண்டல் பண்டலாக வெளியூர் போகின்றன. கம்பெனியில் உட்கார்ந்து தைப்பவர்கள் ஒரு பக்கம். துணியை வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மா தைக்கிறார். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் உளுந்தோ பாசியோ மக்காச்சோளமோ விளையும். பெய்யாவிட்டால் கூலி வேலை. மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து, தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் பி.காம் சேர்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். மூன்று வருடம் பஸ் ஏறி இறங்கி, கணக்குப் பதிவியல், தணிக்கை, வருமான வரி என எல்லாத் தாள்களிலும் தேறிவிடுகிறாள்.

ஆனால் இரண்டாவது செமஸ்டர் ஆங்கிலம் நிற்கிறது. சுற்றுச்சூழல் கல்வியும் நிற்கிறது. மேஜர் எல்லாம் முடித்துவிட்டோமே, இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோருமே நினைக்கிறார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது, இல்லாவிட்டால் தையல் மெஷின் வந்துவிடுகிறது. வங்கித் தேர்வுக்கு விண்ணப்பம் போடும் நாளில்தான், பட்டச் சான்றிதழே இல்லை என்பது உறைக்கிறது.

இதைத் தனி ஒரு வீட்டின் கதை என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். தையல் தெரிந்த ஊருக்கு இதைத் தையல் பாஷையிலேயே சொல்லிவிடலாம். கட்டிங் ஆயிற்று, மெயின் தையலும் ஆயிற்று. ஆனால் காஜா எடுத்துப் பட்டன் வைக்கவில்லை, பிசிறு வெட்டவில்லை என்றால் அந்த ஃபிராக் பண்டலில் ஏறுமா? ஏறாது. பட்டமும் அப்படித்தான்.

140-க்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் கலை, அறிவியல், வணிகவியல் இளநிலைப் படிப்புகள் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. மாணவர்கள் பேச்சில் ‘பார்ட் ஒன்’ முதல் ‘பார்ட் ஃபைவ்’ வரை.

பகுதி ஒன்று தமிழ் அல்லது மாணவர் தேர்ந்தெடுக்கும் வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று மேஜர் பாடமும் அதைச் சார்ந்த துணைப் பாடங்களும். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் வளர்ப்புப் பாடங்கள், பிற துறையிலிருந்து எடுக்கும் விருப்பப் பாடம் ஆகியவை வரும். பகுதி ஐந்து வகுப்புக்கு வெளியே செய்யும் பணி. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்றவை அதில் அடங்கும்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டப்படி, மூன்று வருடப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். இதில் மேஜரும் துணைப் பாடங்களும் சேர்ந்த பகுதி மூன்றுக்கு 92. தமிழுக்கு 12, ஆங்கிலத்துக்கு 12, பகுதி நான்குக்கு 23, பகுதி ஐந்துக்கு 1. கூட்டிப் பாருங்கள்: மேஜருக்கு வெளியே மட்டும் 48 கிரெடிட் இருக்கிறது. பட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரிக்குக் கல்லூரி இந்தப் பங்கீடு கொஞ்சம் மாறலாம். ஆனால் அமைப்பு இதுதான்.

குழப்பம் தொடங்கும் இடமும் இதுவே. முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்பதை பகுதி ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றின் மதிப்பெண்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள். பகுதி நான்கும் ஐந்தும் அந்த வகுப்புக் கணக்கில் சேராது. ‘வகுப்புக்குச் சேராது’ என்பதை மாணவர்கள் பலர் ‘அவசியமில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாதிரிப் பாடத்திட்டம் சொல்வது வேறு: வகுப்புக்குச் சேராவிட்டாலும், இவற்றை முடித்தால்தான் பட்டம் பெறும் தகுதியே வரும். மேஜரில் 90 சதவீதம் வாங்கியவருக்கும் 2 கிரெடிட் சுற்றுச்சூழல் தாள் நின்றால் பட்டமும் நிற்கும்.

எதற்கு இத்தனை பாடம்?

பி.காம் படிக்க வந்த பிள்ளைக்குச் செய்யுள் எதற்கு, இயற்பியல் படிப்பவருக்கு வேறு துறைப் பாடம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். உலகத்தின் பல நாடுகளில் நூறு வருடமாக இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம், எந்தத் துறை மாணவரும் படிக்க வேண்டிய பொதுப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. சமகால நாகரிகம் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம், சுதந்திர சமுதாயத்தில் பொதுக்கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கையே வெளியிட்டது. தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, குடிமகனாக யோசிக்கவும் தெரிய வேண்டும் என்ற எண்ணம்தான் இவற்றின் அடிப்படை. இன்றைக்கும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள், முதல் இரண்டு வருடத்தில் வரலாறு, எழுத்துப் பயிற்சி, சமூக அறிவியல் என்று பல பாடங்களை முடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இதைப் பற்றி விரிவாகப் பேசியது, சுதந்திரம் வந்த மறு வருடம் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்விக்குழு. தலைவர் டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். ஒரே துறைக்குள் சின்ன வயதிலேயே பிள்ளைகளை அடைத்துவிடக் கூடாது, அறிவியல் படிப்பவருக்கு இலக்கியமும் இலக்கியம் படிப்பவருக்கு அறிவியலும் ஓரளவு தெரிய வேண்டும் என்பது 1949-ல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையின் முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று.

தேசிய கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி, பல்கலைக்கழக மானியக்குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மேஜருக்கு வெளியே பல்துறைப் பாடங்களுக்கு 9 கிரெடிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் மேஜருக்கு வெளியே படிக்க வேண்டும் என்ற விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. என்ன படிப்பது, எந்த மொழியில் படிப்பது, யார் முடிவு செய்வது என்பதில்தான் சண்டை.

தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். 1990-ல் தொடங்கிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த பெ.சுந்தரம் பிள்ளை, திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். அவர் 1891-ல் எழுதிய நாடகம் ‘மனோன்மணீயம்’. திருவிதாங்கூர் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, அரசர்களின் காலத்தையும் ஆராய்ந்தார். அறிவுத்துறைகளை எப்படி வகைப்படுத்துவது என்று ‘நூற்றொகை விளக்கம்’ என்ற நூலையும் எழுதினார். தத்துவமும் நாடகமும் கல்வெட்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. அவர் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் மேஜர் மட்டும் போதும் என்று சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்!

கோர்ட் கொண்டுவந்த பாடம்

மாணவர்கள் அதிகம் அலட்சியம் செய்யும் சுற்றுச்சூழல் கல்விக்கு ஒரு பின்கதை உண்டு. இந்தப் பாடம் கல்லூரிக்குள் வந்ததற்கு உச்ச நீதிமன்றமே காரணம். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது நீதிமன்றம். உத்தரவு முழுதாக நடைமுறைக்கு வர வருடங்கள் ஆயின. 2003-ல் நீதிமன்றம் மறுபடியும் கண்டிப்பு காட்டிய பிறகே, எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான பாடத்திட்டம் வேகம் பிடித்தது.

பல்கலைக்கழக மானியக்குழு அப்போது தந்த பாடத்திட்டத்தில் 50 மணி நேர வகுப்பு, எட்டு அலகுகள். ஏழு அலகு வகுப்பறையில் நடத்துவது. எட்டாவது அலகு களப்பணி. பக்கத்தில் இருக்கும் ஆறு, குளம், மலை ஏதாவது ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். உள்ளூர்ச் செடி கொடி, பூச்சி, பறவைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். 100 மதிப்பெண்ணில் இந்தக் களப்பணிக்கே 25.

கரிசல் காட்டுப் பிள்ளைக்கு இதைவிட எளிதான பாடம் உண்டா? கண்மாயும் ஊருணியும் சீமைக்கருவேல முள்ளும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் அப்பா வீட்டிலேயே இருக்கிறார். மிஞ்சிய வெட்டுத் துணி கடைசியில் எங்கே போகிறது என்று விசாரித்து எழுதினாலே அருமையான களப்பணி அறிக்கை ஆகிவிடும்.

சுற்றுச்சூழல் என்பது தூத்துக்குடி மாவட்டத்துக்கு வெறும் தேர்வுத்தாள் விஷயமும் அல்ல. 2018 மே 22 அன்று, தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் உயிரிழந்த மாவட்டம் இது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியதும் இதே மாவட்டத்தில்தான். காற்றைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேள்வி கேட்க இங்கே ஒரு தலைமுறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து கேள்வி-பதிலை கைடிலிருந்து மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோனால், நஷ்டம் மதிப்பெண்ணோடு நின்றுவிடாது.

கரிசலே பாடப்புத்தகம்

பகுதி ஒன்றாகிய தமிழுக்கு வருவோம். கவிதை, சிறுகதை, பக்தி இலக்கியம், காப்பியம், சங்கப் பாடல், இலக்கிய வரலாறு என்று செமஸ்டர் வாரியாக இது நீள்கிறது. சில பல்கலைக்கழகங்களில் பி.காம், பி.பி.ஏ., பி.சி.ஏ. மாணவர்களுக்கு முதல் வருடத்தோடு தமிழ் முடிந்துவிடும் நிலை இருந்தது. அவர்களுக்கும் இரண்டாம் வருடத்தில் தமிழ் உண்டு என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே கல்வியாண்டில், அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் முதல் வருட மாணவர்களுக்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பாடங்களைச் சேர்த்தது.

இந்தத் தமிழ்ப் பாடத்தில் வரும் பெயர்கள் பலவும் புதியம்புத்தூர்க்காரர்களுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். பாரதியாரும் எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி கூப்பிடு தூரம். கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் கல்லூரிப் படிப்பு இல்லாதவர். அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு வருகைதரு பேராசிரியர் ஆக்கியது. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாடமி விருதும் வாங்கினார். பாட்டி வாயில் வரும் சொல்லும் சொலவடையும் பல்கலைக்கழகத்துக்குள் மரியாதையோடு நுழைந்தது அப்படித்தான்.

பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5 அன்று பிறந்த வ.உ.சிதம்பரனாரை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வக்கீல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அது வணிகம். சிறையில் இருந்தபடி ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை மொழிபெயர்த்தார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கும் உரை எழுதினார். சட்டம், வணிகம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அவருக்கு ஒரே வாழ்க்கையில் தேவைப்பட்டன. பொதுக்கல்வி என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது.

ஆங்கிலம் எனும் வேகத்தடை

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களை அதிகம் பயமுறுத்துவது பகுதி இரண்டு. பிளஸ் டூ வரை ஆங்கிலத்தை மனப்பாடம் செய்தே தேறிய பிள்ளை, கல்லூரியில் முதல் வாரமே ஆங்கிலக் கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டு திகைக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ஆங்கில மீடியத்தில் வந்தவள். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு. கேட்க வெட்கம், சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் 25 மதிப்பெண் உள் மதிப்பீடு, 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, தேர்ச்சிக்கு 40 என்ற முறை இருக்கிறது. எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக இவ்வளவு எடுக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவும் உண்டு. வகுப்புத் தேர்வையும் ஒப்படைப்பையும் விடாமல் செய்து உள் மதிப்பீட்டில் நல்ல மதிப்பெண் சேர்த்துக்கொண்டால், கடைசி மூன்று மணி நேரத் தேர்வின் பாரம் குறையும். தட்டுத்தடுமாறித் தினம் ஒரு பத்தி சொந்தமாக எழுதிப் பழகுவது, கைடு வாங்குவதைவிட அதிகம் உதவும்.

தீபாவளியும் செமஸ்டரும்

புதியம்புத்தூருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரெடிமேட் துணிக்குத் தீபாவளிதான் பெரிய சீசன். அதற்கு முந்தைய வாரங்களில் விடிய விடிய விளக்கு எரியும். ஆர்டர் முடிய வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் எல்லாக் கையும் வேண்டும். கல்லூரி போய்விட்டு வரும் பெண்ணும் காஜா பட்டனுக்கோ பிசிறு வெட்டவோ உட்காருவாள். காடு இருக்கும் வீட்டில் விதைப்பும் களையெடுப்பும் அதே பருவத்தில்தான். நவம்பரில் வரும் செமஸ்டர் தேர்வு இவற்றின் தலைமேலேயே வந்து நிற்கும்.

நேரம் குறைவாக இருக்கும்போது பிள்ளை என்ன செய்வாள்? மேஜரை மட்டும் படிப்பாள். ஆங்கிலத்தையும் பகுதி நான்கையும் அடுத்த முறைக்குத் தள்ளிவைப்பாள். அரியர் விழுவது பல நேரங்களில் புத்திக் குறைவால் அல்ல. மணிக்கணக்கு குறைவதால்தான். அதனால் இது பிள்ளையின் பிரச்னை மட்டும் இல்லை, வீட்டின் பிரச்னையும்கூட. சீசனில் வரும் பீஸ் ரேட் காசு கண்ணுக்குத் தெரிகிறது. தள்ளிப்போகும் பட்டத்தின் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாநில அரசு கொடுக்கும் மாதம் 1,000 ரூபாய் இந்த இடத்தில்தான் உதவுகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கும் அது விரிவானது, 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியில் நடந்த விழாவில்தான். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அந்தப் பணம் பஸ்ஸுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் என்று ஒதுக்கிவைத்தால், சீசனில் சில இரவுகளாவது பிள்ளையைப் படிக்க விடலாம்.

சுமையா, துணையா?

பொதுப் பாடங்களைக் குறை சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இவை நாலு விஷயம் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. நேரத்தையும் காசையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு கூடுதல் தாளும் ஒரு கூடுதல் பாரம். இந்தப் பாடங்களை ஆர்வம் இல்லாமல் நடத்தினால், அறுபது பேரைக் கூட்டாக உட்காரவைத்து நோட்ஸ் மட்டும் வாசித்தால், அதில் கல்வியும் இல்லை, பொதுவும் இல்லை. தாளின் எண்ணிக்கையைக் கூட்டுவது சுலபம். அதை நடத்த ஆசிரியரையும், நூலகத்தில் புத்தகத்தையும், களப்பணிக்கு ஒரு நாளையும் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு இந்த வட்டாரப் பிள்ளைகள் அதிகம் எழுதுவது போட்டித் தேர்வுகள்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். இன்னும் 75 கேள்விகள் பொது அறிவு. குரூப் 2-க்கு விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும். வங்கித் தேர்வு என்றால் பட்டத்தோடு ஆங்கிலமும் வேண்டும். இப்படிப் பார்த்தால், ‘தேவையில்லாத’ தமிழும் ஆங்கிலமும் சுற்றுச்சூழலும்தான் தேர்வு அறையில் முதலில் கைகொடுக்கின்றன. கல்லூரியில் தள்ளிவிட்ட பாடத்தையே, இரண்டு வருடம் கழித்துக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிப் படிக்கிறார்கள் பலர்.

வேலைக்கு அப்பாலும் ஒன்று இருக்கிறது. வீட்டு பட்டா நகலை எடுத்து வாசிக்க, மருந்துச் சீட்டில் உள்ளதைப் புரிந்துகொள்ள, கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்க, வாட்ஸ்அப்பில் வருவது உண்மையா பொய்யா என்று யோசிக்க எந்த மேஜரும் தனியாகப் பழக்குவதில்லை. முதல் பட்டதாரியாக வீட்டுக்குத் திரும்பும் பெண், அந்தத் தெருவுக்கே மனு எழுதிக் கொடுக்கும் ஆளாகிறாள். அந்தப் பழக்கத்துக்கு மேஜருக்கு வெளியே இருக்கும் 48 கிரெடிட் அடித்தளம்.

சேரும்போதே கேளுங்கள்

* கல்லூரி தரும் பாடத்திட்டக் கையேட்டில் மொத்த கிரெடிட், பகுதி வாரியான பங்கீடு, தேர்ச்சி மதிப்பெண் ஆகியவற்றைக் குறித்து வீட்டில் ஒட்டிவையுங்கள்.

* ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டின்போதும், மேஜர் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல், எந்தப் பகுதியில் எது பாக்கி என்று கேளுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரும் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வகுப்பு ஆசிரியரிடமே நேரில் கேட்கலாம்.

* அரியர் விழுந்தால் அடுத்த தேர்விலேயே எழுதிவிடுவது நல்லது. பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய பாடத்தைத் தேடி அலைய வேண்டிவரும். பட்டத்தை முடிக்கக் கால வரம்பும் உண்டு.

* பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளைகளுக்கு அடிப்படைத் தமிழ் உண்டு. பள்ளியில் தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தவர்களுக்குச் சிறப்புத் தமிழ் உண்டு. மற்றவர்கள் பிற துறை விருப்பப் பாடம் எடுப்பார்கள். அதைத் தோழி எடுத்தாள் என்பதற்காக எடுக்காமல், பிற்காலத்தில் உதவுவதாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

* 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் கல்லூரிப் பாடத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. அதையும் பாடமாகவே கருதி முடிக்க வேண்டும்.

* நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. பெண் பிள்ளையை முகாமுக்கு அனுப்பத் தயங்காதீர்கள். சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

காலையில் புதியம்புத்தூர் பஸ் ஸ்டாப்பில் கல்லூரிப் பையோடு நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். அதே நேரத்தில் டிபன் தூக்கோடு கம்பெனிக்குப் போகும் பெண்களையும் பார்க்கலாம். பலரும் ஒரே தெருக்காரர்கள், சிலர் ஒரே வீட்டுக்காரர்கள். தைக்கும் கை தாழ்ந்ததும் இல்லை, படிக்கும் கை உயர்ந்ததும் இல்லை. ஆனால் எதைச் செய்வது என்பதை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்க வேண்டும். பாக்கி நின்ற ஓர் ஆங்கிலத் தாள் அவளுக்காக அதை முடிவு செய்துவிடக் கூடாது.

பண்டல் கட்டும் முன்பு ஒவ்வொரு ஃபிராக்கையும் விரித்து, பட்டன் இருக்கிறதா, பிசிறு நிற்கிறதா என்று பார்க்கும் அம்மாக்கள் இருக்கும் ஊர் இது. மகளின் மதிப்பெண் பட்டியலையும் ஒருமுறை அப்படி விரித்துப் பார்த்துவிட்டால் போதும்.